யுவான் சுவாங்: கண்டதும் கேட்டதும்

அயல்நாடு சென்று மீண்டோர் எழுதிவைத்த நூல்களால் நாம் பெறும் பயன் இருவகைப்படும். அவர்கள் கண்ட நாட்டின் நிலம், விளைபொருள், மக்கள், சமயம், அரசு ஆகியவற்றை அறிந்துகொள்வது ஒன்று. அவற்றைக் கண்டவர் எந்த அளவுகோலைக் கையிற்கொண்டு சென்றார், எதனை உயர்வென்றும் எதனைத் தாழ்வென்றும் முன்னரே முடிவு செய்துவைத்திருந்தார் என்பதை அறிந்துகொள்வது மற்றொன்று. முதற்பயனை நாடுவோர் மிகப் பலர்; இரண்டாவதை நாடுவோர் மிகச் சிலர். ஆயினும், ஒரு காலத்து மக்களின் மனத்துள்ளே ஊறிக்கிடந்த எண்ணங்களை வெளிக்காட்டுவதில் பயண நூலுக்கு நிகரான நூல் வேறில்லை என்றே கூறலாம்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குபவர் சீன நாட்டுப் பேரறிஞராகிய யுவான் சுவாங் ஆவார். நம் பழைய புத்தகங்கள் சில இவரை ஹியூன் சாங் என்று குறிக்கும். பௌத்த உலகம் இவரை என்றும் நன்றியுடன் நினைவுகூரக் கடமைப்பட்டது. இவர் பெருமையை எடுத்தோதுவதோடு அமையாமல், இவர் நூல் நமக்குக் காட்டும் உண்மைகளையும் இவரை அறியாமலே அது வெளிப்படுத்தும் மனச்சாய்வுகளையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் துறவும்

யுவான் சுவாங் ஏறத்தாழ கி.பி. 602இல், சீன நாட்டின் லோயாங் நகருக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில், கற்றோர் குடியில் பிறந்தார். உடன்பிறந்த ஆண்மக்கள் நால்வருள் இவரே இளையவர். மூத்தவர்களுள் ஒருவர் முன்னரே துறவு பூண்டு லோயாங் நகர விகாரையில் வாழ்ந்துவந்தார். தம்பியும் அண்ணனைப் பின்பற்றிச் சென்றார். பதின்மூன்றாவது வயதிலேயே இளந்துறவியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 618ஆம் ஆண்டில் சூயி மரபினர் ஆட்சி வீழ்ந்தது. கலகமும் பஞ்சமும் நாட்டை வருத்தின. சகோதரர் இருவரும் சாங்கான் நகருக்கும், பின்னர் மேற்கே செங்டு நகருக்கும் சென்று அறநூல்களைக் கற்றனர். இருபதாம் வயதில் யுவான் சுவாங் நிறைதுறவு பெற்றார்.

கற்குந்தோறும் அவருக்கு ஐயம் பெருகிற்று. சீன மொழியில் பெயர்க்கப்பட்டிருந்த நூல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆசிரியர் ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தார். மூலநூல்கள் பிறந்த இந்திய நாட்டுக்கே சென்று, யோகாசார நெறியின் பெருநூலை அதனை உணர்ந்த ஆசிரியரிடமே பாடங்கேட்டுத் தெளிவதென உறுதி பூண்டார். அக்காலத்தில் சீன மக்கள் மேற்கெல்லையைக் கடந்து செல்லக்கூடாதென அரசாணை இருந்தது. அவர் விடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அரசின் அனுமதியின்றியே அவர் புறப்பட்டார். அது 629ஆம் ஆண்டு எனப் பலரும், 627ஆம் ஆண்டெனச் சிலரும் கொள்வர்.

அயலார் செய்த உதவி

அவருடைய பயணத்தின் தொடக்கத்திலேயே நாம் கருதத்தக்க நிகழ்ச்சிகள் சில உள்ளன. இவற்றை அவருடைய மாணவர் ஹுயிலி என்பவர் எழுதத் தொடங்கி, யென்சுங் என்பவர் 688ஆம் ஆண்டில் முடித்த வாழ்க்கை வரலாற்றால் அறிகின்றோம். எல்லையை இரவோடிரவாகக் கடக்கத் துணைவந்தவன் மேற்றிசை இனத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன். வழியில் அவன் மனம் மாறிற்று. நள்ளிரவில் கத்தியை உருவிக்கொண்டு துறவியை நோக்கி வந்தான்; பின்னர்த் தயங்கித் திரும்பினான். சீனர்கள் மேற்றிசை மக்களைப் பற்றிக் கொண்டிருந்த இழிவான எண்ணத்துக்கு இந்நிகழ்ச்சி சான்றாகும் என ஒருவர் எண்ணக்கூடும். ஆயின், அதே இனத்து முதியவர் ஒருவரே, பாலைவழியைப் பன்முறை கடந்து பழகிய தம் மெலிந்த செந்நிறக் குதிரையை முன்னரே அவருக்குக் கொடுத்திருந்தார். தனித்துச் சென்ற யுவான் சுவாங் நடுப்பாலையில் தண்ணீர்ப் பையைத் தவறவிட்டு, நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீருமின்றி வீழ்ந்துகிடந்தபோது, அக்குதிரையே தானாக வழிவிலகிச் சென்று நீர்நிலையைக் காட்டி அவரைக் காத்தது. கத்தி எடுத்தவனும் குதிரை கொடுத்தவரும் ஒரே இனத்தவர் என்பதை மறத்தலாகாது.

அப்பால் காவ்சாங் நாட்டரசன் அவரைத் தன்னுடனே இருத்திக்கொள்ள விரும்பித் தடுத்தான். அவர் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்த பின்னரே மனமிளகி, பொன்னும் பட்டும் ஆட்களும் வழியிலுள்ள அரசர்களுக்கு 24 மடல்களும் கொடுத்து அனுப்பினான். மேலைத் துருக்கியரின் பேரரசன் நெருப்பை வழிபடுபவன். ஆயினும் பௌத்தத் துறவிக்கு ஊன் கலவாத தூய உணவைத் தனியே சமைப்பித்துப் படைத்தான். சீன மொழி அறிந்த ஒருவனைத் தேடிப்பிடித்துத் துணையாக அனுப்பினான்.

இவ்வளவும் பெற்ற அவருடைய நூலின் முகப்பு எவ்வாறு அமைந்துள்ளது? உலகம் நான்கு தலைவர்களின் ஆட்சிக்கு உட்பட்டதென அது வகுக்கின்றது. தெற்கே யானைத் தலைவன். அவன் நாட்டார் கல்வியில் ஆர்வமும் விரைந்த இயல்பும் உடையவர். மேற்கே மணித் தலைவன். அவன் நாட்டார் பொருளையே பெரிதென மதிப்பவர், ஒழுக்கமுறை அறியாதவர். வடக்கே குதிரைத் தலைவன்; அவன் நாட்டார் கொடியவர், கொலைக்கு அஞ்சாதவர். கிழக்கே மனிதத் தலைவன். அவன் நாட்டாரே அறிவும் அன்பும் நல்லொழுக்கமும் உடையவர். கிழக்கு என்பது சீனமே என்று சொல்லவும் வேண்டுமோ? மனத்தைத் தூய்மை செய்து பிறவித் தளையை அறுக்கும் நெறி ஒன்றில் மட்டும் தெற்கு நாடாகிய இந்தியா மேம்பட்டது என்று அந்நூல் ஒப்புக்கொள்கின்றது. வடக்கையும் மேற்கையும் உயர்த்திச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. பாலையில் உயிர் காத்தவர் மேற்றிசையார்; தூய உணவு படைத்தவன் வடதிசை அரசன். தம் வாழ்வில் நேரிற் கண்டது ஒன்றாக இருக்க, நாட்டில் வழங்கிவந்த பொதுக்கருத்து வேறொன்றாக நூலின் முகப்பில் ஏறி அமர்ந்துகொண்டது. தனி மனிதனைக் காணும்போது அகலும் தப்பெண்ணம், மக்கட் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வந்து குடிபுகுகின்றது.

நடுநாடும் எல்லைநாடும்

இந்திய எல்லைக்குள் புகுந்த யுவான் சுவாங் காசுமீரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்றார். பின்னர்க் கங்கைச் சமவெளியின் திருத்தலங்களை ஒவ்வொன்றாக வழிபட்டார். புத்தகயையில் போதிமரத்தடியில் அவர் வீழ்ந்து வணங்கிக் கண்ணீர் சொரிந்தார். பகவன் மெய்யறிவு பெற்ற காலத்தில் தாம் எப்பிறவியில் எங்கே உழன்றுகொண்டிருந்தோமோ என்று ஏங்கினார். காலத்தாலும் இடத்தாலும் தாம் புறத்தே நின்றவர் என்னும் துயரம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. தாய்நாட்டுக்கு வெளியே நின்று நோக்கும்போது சீனமே உலகின் நடு என்று அவர் எழுதினார். போதிமரத்தின் முன்னே நிற்கும்போது தம் நாடு ஒரு கடைக்கோடி என்று உணர்ந்தார். இவ்விரு எண்ணங்களும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன.

நாலந்தாப் பெரும்பள்ளியில் அவர் ஐந்து ஆண்டுக்காலம் தங்கினார். நூறு வயதைக் கடந்தவராகிய சீலபத்திரர் அவருக்கு யோகாசார நூலைப் பாடஞ்சொன்னார். அப்பள்ளியில் பதினாயிரம் துறவிகள் இருந்தனரென வாழ்க்கை வரலாறு கூறும். யுவான் சுவாங்குக்குப் பின்னர், 671ஆம் ஆண்டில் சீனத்தினின்று புறப்பட்டு அங்கே பல்லாண்டு தங்கிய இத்சிங் என்பவரோ மூவாயிரத்துக்கு மேற்பட்டவர் என்றே குறிக்கின்றார். பேரன்பு கொண்ட இடத்தில் எண்ணிக்கையும் பெருகுவது இயல்பு போலும்.

கல்வி முடிந்து தாயகம் திரும்ப அவர் விரும்பியபோது, நாலந்தாத் துறவிகள் தடுத்துரைத்த முறை நம் கருத்துக்கு உரியது. சீனம் மிலேச்சர் வாழும் எல்லைநாடு. அங்கே புத்தர் எவரும் பிறந்ததில்லை. அங்குள்ளோர் குறுகிய மனத்தினர். ஆதலின் அறிஞர் அங்குச் செல்லுதல் தகாது என்றனர். பேரன்பினாலேயே அவர்கள் இவ்வாறு கூறினர்; ஆயினும் அவ்வன்பினுள்ளே ஓர் இழிவுரை பொதிந்திருந்ததை அவர்கள் உணரவில்லை. யுவான் சுவாங் பணிவோடும் உறுதியோடும் மறுமொழி கூறினார். தம் நாட்டில் நல்லரசும் சட்டமும் பெற்றோரைப் பேணும் ஒழுக்கமும் உண்டெனவும், அறம் ஒரு நாட்டாருக்கு மட்டும் உரிய உடைமை அன்றெனவும், கதிரவன் இருளகற்றவே உலகைச் சுற்றிவருகின்றான், தாமும் அதற்காகவே திரும்புவதாகவும் எடுத்துரைத்தார்.

இங்கே நாம் காண்பது என்ன? சீனர் மேற்றிசையாரையும் வடதிசையாரையும் எந்த அளவுகோலால் அளந்தனரோ, அதே அளவுகோலால் இந்தியர் சீனரை அளந்தனர். நடுவில் இருப்பவன் உயர்ந்தவன். விலக விலகத் தாழ்ந்தவன் என்பதே அவ்வளவுகோல். அது யார் கையில் இருக்கின்றதோ அவர் நிற்கும் இடமே நடுவாகிவிடுகின்றது.

காஞ்சியில்

நாலந்தாவினின்று கிழக்கும் தெற்குமாகப் பயணஞ்செய்த யுவான் சுவாங், 640ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் திராவிட நாட்டின் தலைநகராகிய காஞ்சிபுரத்துக்கு வந்தார். பல்லவர் ஆட்சி மேலோங்கியிருந்த காலம் அது. ஆயினும் மன்னன் பெயரை அவர் குறிக்கவில்லை. நகரின் சுற்றளவு 30 லீ எனவும் (லீ என்பது சீனர்களின் நெடுந்தொலைவு அளவை), நிலம் வளமானது, பயிர் செழிப்பது, பூவும் கனியும் மிகுந்தது எனவும், நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள் தேரவாத நெறியைக் கற்று வாழ்ந்தனர் எனவும், எண்பதுக்கு மேற்பட்ட தேவாலயங்கள் இருந்தன எனவும், நிர்க்கிரந்தர்கள் மிகுந்திருந்தனர் எனவும் எழுதினார். மக்கள் துணிவு மிக்கவர், வாய்மையில் உறுதியுடையவர், பரந்த கல்வியை உயர்வாக மதிப்பவர் என்று பாராட்டினார். தம் ஆசிரியர் சீலபத்திரருக்கு ஆசிரியராகிய தருமபாலர் பிறந்த நகரம் இது என்பதையும், இளமையில் அரசன் மகளை மணக்க ஏற்பாடாகியிருந்த நாளில் அவர் துறவு மேற்கொண்டு அகன்றதையும் அன்புடன் விரித்துரைத்தார்.

இப்பாராட்டை நம்மவர் மேடைகளிலும் நூல்களிலும் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். அது தகுந்ததே. ஆயினும் அதே பகுதியில் உள்ள மற்றொரு குறிப்பைப் பலர் கருதுவதில்லை. இந்நாட்டு மொழியும் எழுத்தும் நடு இந்திய மொழி எழுத்துகளினின்று சிறிதளவே வேறுபட்டவை என்று அவர் எழுதியுள்ளார். தமிழும் கங்கைச் சமவெளியின் மொழிகளும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதை இன்று நாம் அறிவோம். சொல்லாலும் இலக்கணத்தாலும் ஒலியாலும் இவ்வளவு வேறுபட்ட மொழியைக் கூரிய அறிவினரான அவர் சிறிதளவே வேறுபட்டதெனக் கொண்டது எவ்வாறு? காஞ்சியின் விகாரைகளில் அவருடன் உரையாடிய கற்றோர் வடமொழியிலேயே பேசியிருத்தல் வேண்டும். அங்காடியில் பேசப்பட்ட மொழி அவர் காதில் விழுந்தும் கருத்தில் புகவில்லை போலும். மேலும், இந்திய மொழிகளைப் பற்றிய பொதுப்பகுதியில், நடு இந்தியாவின் மொழியே செவ்விது, சூழவுள்ள நாடுகளின் வழக்கு அதனின்று வழுவியது என்று அவர் முன்னரே எழுதிவிட்டார். நடு ஒன்றை நிறுவிவிட்டால், ஏனைய யாவும் அதனின்று திரிந்த வடிவங்களாகவே தோன்றும்; தனித்த ஒரு மொழி தனித்த மொழியாகக் கண்ணுக்குப் புலப்படாது.

கேள்வியால் எழுதியவை

காஞ்சியிலிருந்து சிங்களத் தீவுக்குக் கடல்வழியாகச் செல்ல அவர் எண்ணியிருந்தார். அப்பொழுது சிங்களத்திலிருந்து முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசன் இறந்தான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்தன, ஆதலின் புகலிடம் தேடி வந்தோம் என்றனர். யோகாசார நூலின் அரிய பகுதிகளைப் பற்றி அவர்களில் மூத்தோரிடம் வினவினார். அவர்கள் கூறிய விளக்கம் சீலபத்திரர் கூறியதற்கு மேற்செல்லவில்லை. ஆதலின் பயணத்தைக் கைவிட்டார். காஞ்சிக்குத் தெற்கே வெகுதொலைவிலுள்ள மலகூட நாட்டைப் பற்றியும் அவர் கேள்வியுற்றார் என்றே வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. அந்நாடு பாண்டி நாட்டைக் குறிக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

ஆகவே, காஞ்சியை அவர் கண்டு எழுதினார். மலகூடத்தையும் சிங்களத்தையும் கேட்டு எழுதினார். இவ்விரண்டின் வேற்றுமையை ஒப்பிட்டு நோக்குக. மலகூடம் உவர்நிலம் என்றார். வெப்பம் மிக்கது என்றார். மக்கள் கருநிறத்தினர், முரட்டு இயல்பினர், கலைகளை மதியாதவர், ஊதியம் தேடுவதிலேயே வல்லவர் என்றார். சிங்களத்தாரைக் குறித்தோ, சிங்கத்தின் வழித்தோன்றியவர் என்னும் பழங்கதையை விரித்து, உருவிற் குறுகியவர், கரியவர், கடுமையான இயல்பினர் என்றும், ஆயினும் கல்வியையும் நற்செயலையும் விரும்புபவர் என்றும் எழுதினார். காஞ்சியிலும் வெப்பம் உண்டு. கருநிற மக்களும் உண்டு. அங்கே அவர் கண்ணில் நிறம் முதன்மை பெறவில்லை. கல்வியும் வாய்மையுமே முதன்மை பெற்றன. காணாத நாட்டைப் பற்றி எழுதும்போது நிறமும் முரட்டுத்தன்மையும் முன்வந்து நிற்கின்றன. வெப்பம் மிக்க நாட்டார் கடுமையானவர் என்பதும், வாணிகஞ் செய்வோர் கல்வியில் நாட்டமற்றவர் என்பதும் அவருக்கு முன்னரே உலகில் பலரால் நம்பப்பட்டு வந்த எண்ணங்கள். உண்மைச் செய்தி இல்லாத வெற்றிடத்தை அவை நிரப்பிக்கொண்டன.

அவருக்கு இரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சிங்களத்தில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பாகியான் எழுதியதை இதனோடு ஒப்பிடலாம். அவரும் பழங்கதைகளைக் கூறுகின்றார். எனினும் அபயகிரி விகாரையின் பச்சை மணிக்கல் புத்தர் திருவுருவின் அருகே, வணிகர் ஒருவர் சீன நாட்டு வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு, பல ஆண்டுகளாகத் தாய்நாட்டையும் துணைவரையும் பிரிந்திருந்த தாம் கண்ணீர் விட்டதையும் எழுதியுள்ளார். வாழ்ந்து கண்டவர் நூலில் விசிறி ஒன்றுக்கும் இடமுண்டு. கேட்டு எழுதியவர் நூலில் முழு நாட்டுக்கும் இரண்டொரு அடைமொழிகளே உண்டு.

காஞ்சியைப் பற்றிய பாராட்டைப் போற்றி மேற்கோளாக்குவோர், மலகூடத்தைப் பற்றிய இகழ்ச்சியை வாய்திறவாது கடந்துபோவர். புகழுரையைச் சான்று என்றும் இகழுரையைப் பிழை என்றும் கொள்வது நம்முடைய சார்பையே காட்டும். ஒருவர் கண்டதா, கேட்டதா, எத்துணைக் காலம் தங்கினார், எம்மொழியில் பேசினார் என்று வினவி, இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பதே முறையாகும்.

ஊர்ப்புறத்தே வாழ்ந்தோர்

பயண நூல் எழுதியவரின் மனச்சாய்வைக் காட்டுவது போலவே, அவர் சென்ற நாட்டார் தம்முள்ளே மறைத்துவைத்த குறையையும் காட்டிவிடும். உள்நாட்டார் நாள்தோறும் கண்டு பழகியமையால் எழுதத் தக்கதென்று கருதாத ஒன்று, புதியவர் கண்ணுக்கு உடனே தென்படும். இந்திய நகரங்களின் மதில், தெரு, வீட்டின் அமைப்பு, பசுஞ்சாணத்தால் தரை மெழுகுதல் ஆகியவற்றை விவரிக்கும் இடத்தில் யுவான் சுவாங் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். இறைச்சி வெட்டுவோர், மீன் பிடிப்போர், கூத்தாடுவோர், கொலைத்தண்டனை நிறைவேற்றுவோர், மலம் அகற்றுவோர் ஆகியோரின் வீடுகளுக்கு அடையாளம் இட்டு, அவர்களை ஊருக்கு வெளியே இருத்தியிருந்தனர் எனவும், ஊருக்குள் வந்து போகும்போது அவர்கள் வழியின் இடப்புறமாக ஒதுங்கிச் சென்றனர் எனவும் எழுதியுள்ளார். சண்டாளர் நகருக்குள் நுழையும்போது கட்டையைத் தட்டி ஒலியெழுப்பித் தம் வருகையை அறிவிக்க வேண்டியிருந்ததைப் பாகியானும் குறித்துள்ளார். தீண்டாமை அந்நாளிலேயே ஊரின் அமைப்பில் ஊன்றியிருந்ததென்பதற்கு, வேற்றுநாட்டார் இருவர் இரு நூற்றாண்டு இடைவெளியில் அளித்த இச்சான்றுகளை எவரும் எளிதில் மறுத்தல் இயலாது. இவ்விருவரும் எழுதிவையாதிருப்பின், இக்கொடுமை பிற்காலத்தே தோன்றியதென வாதிடுவோர்க்கு வழி எளிதாகியிருக்கும்.

ஆயின், யுவான் சுவாங் இச்செய்தியை எவ்விடத்தில் வைத்தார் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். மதிலையும் மெழுகிய தரையையும் கூறும் இடத்திலேயே, அவற்றைப் போன்ற மற்றொரு நகர அமைப்பாக இதனையும் கூறிச் சென்றார். வருத்தமோ கண்டனமோ ஒரு சொல்லும் இல்லை. போதிமரத்தின் முன்னே, தாம் புறத்தே பிறந்தவர் என்று கண்ணீர் விட்ட அப்பெரியார், ஊரின் புறத்தே தள்ளப்பட்டவரைக் கண்டு கண்ணீர் விட்டதாக எங்கும் குறிப்பில்லை. நாவிதராகிய உபாலியையும், துப்புரவுத் தொழில் செய்த சுநீதரையும் சங்கத்தில் ஏற்றுக்கொண்ட ததாகதரின் நெறியைக் கற்கவே அவர் இவ்வளவு தொலைவு வந்தார். பத்தாயிரக்கணக்கான பிக்குகளையும் நூற்றுக்கணக்கான விகாரைகளையும் எண்ணிக் கணக்கெடுத்தார். ஊர்ப்புறத்து வீடுகளை அவர் எண்ணவில்லை. இது அவர் ஒருவருடைய குறை அன்று. அக்காலத்துக் கற்றோர் பலருடைய குறை. அவர் குறித்துவைத்தமையாலேதான் அக்குறையை இன்று நாம் அறிய முடிகின்றது.

அரசவையும் தாயகமும்

காஞ்சியிலிருந்து மேற்குக் கடற்கரை நாடுகளின் வழியே வடக்கு நோக்கிச் சென்ற யுவான் சுவாங் மராட்டிய நாட்டையும் கடந்தார். அந்நாட்டுப் புலிகேசியை அர்ஷவர்த்தனர் வெல்ல இயலாமற்போனதை ஒளிவின்றி எழுதினார். அர்ஷரோ அவரைப் பெரிதும் போற்றிய பேரரசர். தம்மை ஆதரித்தவரின் தோல்வியையும் மறையாது எழுதிய நேர்மை அவரிடம் இருந்தது.

643ஆம் ஆண்டளவில் கன்னோசியில் அர்ஷர் கூட்டிய பேரவையில் யுவான் சுவாங் மகாயானக் கொள்கையை நிறுவினார். பதினெட்டு நாள்வரை அவரை மறுக்க எவரும் முன்வரவில்லை என்று வாழ்க்கை வரலாறு பெருமிதத்துடன் கூறுகின்றது. அவருக்குத் தீங்கு செய்வோர் தலையும் அவரை இழித்துரைப்போர் நாவும் அறுபடும் என்று அரசர் முன்னரே ஆணையிட்டிருந்ததையும் அதே நூல் கூறுகின்றது. நேர்மையான வாதத்துக்கு அவ்வாணை தடையன்று எனச் சொல்லப்பட்டது உண்மை. ஆயினும் வாளின் நிழலில் நிலவிய அமைதியை அறிவின் வெற்றி என்று கொள்ளுதல் அரிது.

645ஆம் ஆண்டில் அவர் சாங்கான் நகருக்குத் திரும்பினார். இருபது குதிரைகள் சுமந்த 657 நூல்களை அவர் உடன் கொணர்ந்தார். தடையை மீறிச் சென்றவரைப் பேரரசர் தாய்சுங் தண்டிக்கவில்லை, பெருஞ்சிறப்புடன் வரவேற்றார், அரசுப்பணி ஏற்குமாறும் வேண்டினார். அதனை மறுத்த யுவான் சுவாங், பேரரசரின் விருப்பப்படி, தாம் கண்டதும் கேட்டதுமான 138 நாடுகளைப் பற்றி 12 பகுதிகளில் நூல் செய்தார். மாணவர் பியன்ஜி எழுத்துப்பணியில் துணைநின்றார். நூல் 646ஆம் ஆண்டில் முடிந்தது. மேற்றிசை நாடுகளின்மீது கண்வைத்திருந்த பேரரசர் ஒருவருக்காக எழுதப்பட்டது என்பதையும் அதனைப் படிப்போர் நினைவிற்கொள்ளல் வேண்டும். நாட்டின் சுற்றளவு, தலைநகர், விளைவு, தட்பவெப்பம், மக்கள் இயல்பு, சமயம் என்று ஒரே வரிசையில் ஒவ்வொரு நாட்டையும் அந்நூல் அடுக்குகின்றது. இவ்வரிசையே ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்தது.

எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளை அவர் மொழிபெயர்ப்புப் பணிக்கே ஒப்படைத்தார். 75 நூல்கள், 1335 பகுதிகள் அவரால் சீன மொழிக்கு வந்தன. 600 பகுதிகள் கொண்ட பெரும் பிரஜ்ஞாபாரமிதை நூலை 660இல் தொடங்கி 663இல் முடித்தார். 664ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியாவில் மறைந்துபோன பல பௌத்த நூல்கள் இன்று உலகுக்குக் கிடைப்பது அவர் உழைப்பாலேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்காம் நாலந்தாவையும் குசிநகரையும் அடையாளங்கண்டதும் அவர் நூலைத் துணைக்கொண்டே. 1957ஆம் ஆண்டில் அவருடைய எலும்பின் ஒரு பகுதி சீனத்திலிருந்து இந்தியாவுக்கு அளிக்கப்பட்டது. நாலந்தாவில் அவர் பெயரால் நினைவு மண்டபமும் எழுப்பப்பட்டுள்ளது.

இரு மடல்கள்

அவர் வாழ்வின் இறுதிப்பகுதியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்க விரும்புகின்றோம். 652ஆம் ஆண்டில் புத்தகயை மகாபோதி விகாரையிலிருந்து பிரஜ்ஞாதேவர், ஞானப்பிரபர் என்னும் இரு பிக்குகள் அவருக்கு மடலும் வெண்பருத்தித் துணியும் அனுப்பினர். 654இல் அவர் மறுமடல் விடுத்தார். சீலபத்திரரின் மறைவுக்கு வருந்தினார். சிந்து நதியைக் கடக்கையில் நீரில் இழந்த நூல்களின் பெயர்ப்பட்டியலை எழுதி, படியெடுத்து அனுப்புமாறு வேண்டினார்.

பிரஜ்ஞாதேவர் கன்னோசி அவையில் அவரோடு வாதிட்ட ஹீனயானச் சார்பினர். அன்று எழுந்த கடுமைக்காக அவர் தூதர்வழி வருத்தம் தெரிவித்திருந்தார். யுவான் சுவாங் அதற்கு, வாதத்தில் இருவர் குரலும் உயர்ந்து தாழ்ந்தது உண்மை, இருக்கையை விட்டெழுந்த அளவிலேயே அது தம் மனத்தினின்று நீங்கிவிட்டது, இன்னும் அதனை ஏன் நெஞ்சிற் சுமக்க வேண்டும் என்னும் கருத்துப்பட எழுதினார். நண்பரின் கல்வியையும் ஒழுக்கத்தையும் மனமார வியந்தார். அதே மடலில், அரைகுறையான நெறியை விட்டு மகாயானத்துக்கு வருமாறும் அவரை வற்புறுத்தினார். பல்லாயிரம் லீ தொலைவு நடந்து, எத்தனையோ மக்களிடையே வாழ்ந்து, மாற்றுக்கொள்கையினரின் நட்பையும் பெற்ற பின்னரும், தம் நெறியே முழுமையானது என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் அவ்வெண்ணம் அன்புக்குத் தடையாகவும் நிற்கவில்லை.

பயணம் மனிதனின் மனச்சாய்வை முற்றும் போக்கிவிடும் என்பது மிகைக்கூற்று. யுவான் சுவாங்கின் வாழ்வு காட்டுவது அதனினும் சிறியது, ஆனால் உறுதியானது. தங்கி வாழ்ந்த இடத்தில், மொழியைக் கற்ற இடத்தில், ஒருவர் முகத்தை நேரிற் கண்ட இடத்தில், அவருடைய எழுத்து செம்மை பெற்றது. கேள்வியை நம்பிய இடத்தில் அது வழுக்கிற்று. கண்ணெதிரே இருந்தும் எண்ணத் தக்கதெனக் கருதாத இடத்தில் அது மௌனமாயிற்று. இன்று அயல் மாநிலங்களுக்கும் அயல் நாடுகளுக்கும் சென்று வருவோரும், சென்று வந்தோர் எழுதுவதைப் படிப்போரும் நம்மிடையே மிகப் பலர். தாம் தங்கிய நகரின் ஊர்ப்புறத்தே எவர் வாழ்கின்றனர், அவர்களைத் தாம் கண்டோமா என்னும் வினாவை அவர்கள் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.